பதினொரு இருளப்பசாமிகள்

ரூபன் எழுதிய புரோகிராம்களில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பிரிண்டர் தாளில், மை மங்கிப்போன நாலு பக்கம். மற்றவையெல்லாம் ஃபிளாப்பிகளில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்க ஊரில் இப்போது பெட்டி கிடையாது. அவர் போய் இந்தச் சித்திரையோடு இரண்டு வருடம். பீரோவை ஒழுங்கு செய்தபோது இந்தத் தாள் கையில் வந்தது. முதல் பக்கத்தில் பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றும் ‘செட்’ என்று தொடங்குகிறது. நாலாவது வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘மாமா உத்தரவு’ என்று எழுதியிருக்கிறார். எங்கள் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது அந்த நாலாவது வரியால்தான்.

1995, தை மாதம். பாளையம்பட்டியில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் கீச்கீச்சென்று கத்துகிற ஒரு யு.பி.எஸ். மதுரையில் படித்துவிட்டு வந்து ரூபன் அதைத் தொடங்கியிருந்தார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்பதால் டேட்டா என்ட்ரிக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் என்னிடம் அடிக்கக் கொடுக்கும் தாள்களில் பாதி யாருக்கும் தேவையில்லாதவை என்று ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அடித்தேன்.

என் அப்பா ஏசுவடியான் ஓய்வுபெற்ற கம்பவுண்டர். காலமெல்லாம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, அவர் கையெழுத்தும் அப்படியே ஆகியிருந்தது. எங்கள் சபை வருடாவருடம் நடத்தும் இலவசக் கண் முகாமுக்கு அவர்தான் செயலாளர். திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் கண்ணில் புரை விழுந்தவர்களைப் பார்த்து அவர் பெயர் எழுதிக்கொண்டு வருவார். பட்டியல் மதுரைக்குப் போகும். பட்டியலில் பெயர் இருந்தால் பஸ்ஸில் இடம், கட்டில், ஆபரேஷன். பெயர் இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். போன வருடப் பட்டியலைப் பார்த்த மதுரை டாக்டர் ஒருவர், அடுத்த தடவை படிக்கக்கூடிய எழுத்தில் அனுப்பும்படி கடிதம் போட்டிருந்தார். அந்த வருத்தம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த நிலைமையில்தான் ரூபன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து என்னைப் பெண் கேட்டார். அப்பா காப்பி கொடுக்கச் சொன்னார். ரூபன் குடித்து முடித்தார். பிறகு, முகாம் பட்டியலைக் கம்ப்யூட்டர் பெட்டியில் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் ரூபன்.

“ஒரு ஆளு விடுபடக்கூடாது. ஒரே ஆளு ரெண்டு தடவை வரக்கூடாது. போன வருசம் ஒருத்தன் திருச்சுழிலயும் பேரு குடுத்து, காரியாபட்டிலயும் பேரு குடுத்து ரெண்டு கட்டிலைப் பிடிச்சுட்டான். இது ரெண்டும் சரியா வரட்டும் தம்பி, மத்ததைப் பேசுவோம்.”

நாகர்கோவிலிலிருந்து ஒரு பேங்க் கிளார்க்குக்கு என்னைப் பெண் கேட்டு வந்த கடிதம் அப்பாவின் பைபிளுக்குள் இருந்தது. தினமும் வாசிக்கிற இடத்துக்கு அதைத்தான் அடையாளம் வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு நாள் காலை ஜெபத்திலும் அந்த பேங்க் கிளார்க் என் கண்ணில் பட்டார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். பதினைந்து நாளில் அடித்து முடித்தேன். பெயர், தகப்பன் இனிஷியல், ஊர், வயது, எந்தக் கண். வயது எல்லோருக்கும் அறுபது. கேட்டால் அறுபது என்று சொல்லிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். எழுபது என்றால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், ஐம்பது என்றால் இனாமாகச் செய்ய மாட்டார்கள் என்று எண்ணம்.

விவரங்களைப் பட்டியல் போட்டு வைக்க உதவும் ஃபாக்ஸ்புரோவில் ரூபன் புரோகிராம் எழுதினார். அந்தப் பன்னிரண்டு ‘செட்’ வரிகளைப் பற்றி எனக்கு அவர் சொன்னது இதுதான்: வேலைக்கு ஆளை வைக்கும்போதே, இதைச் செய்யணும், இதைச் செய்யக்கூடாது என்று சொல்லி வைப்பது போல, விவரங்களை வைத்துக் காக்கிற எந்திரத்திடம் நாம் முதலிலேயே சொல்லிவிடுகிற நிபந்தனைகள். தேதியை எப்படிக் காட்ட வேண்டும், அழித்த ஆளை மறைக்க வேண்டுமா, இப்படி. நாலாவது வரி, ‘செட் யூனிக் ஆன்’. ஒரே பெயரும் ஒரே ஊரும் இரண்டாம் முறை வந்தால் சேர்க்காதே என்று அர்த்தம். அப்பாவின் இரண்டாவது நிபந்தனையை அப்படியே எந்திரத்துக்குச் சொல்லிவிட்டதாக அவருக்கு ஒரே பெருமை.

திரையின் உச்சியில் ‘மொத்தம் 612’ என்று வந்தது. பட்டியல் அச்சாகி வெளியே வந்தது. சனிக்கிழமை காலை, பட்டியலை ஊர் ஊராகப் படித்துச் சரிபார்க்க அப்பா கிளம்பினார். படிக்க நான், பார்க்க அவர். முதல் ஊர் கருவக்குறிச்சி.

கருவக்குறிச்சியில் ஊர்ச்சாமி இருளப்பசாமி. தலைச்சன் பிள்ளைக்குச் சாமி பெயர், அவன் தலைச்சனுக்குத் தாத்தா பெயர் மொக்கையன், அவன் தலைச்சனுக்கு மறுபடி சாமி பெயர். பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் நின்று நான் பட்டியலைப் படித்தேன். “மொ. இருளப்பசாமி.”

பதினொரு பேர் எழுந்தார்கள்.

அடுத்த பெயர் என்னவென்று பார்த்தேன். வேறு ஊர். கருவக்குறிச்சிக்கு ஒரே ஒரு இருளப்பசாமிதான் இருந்தார். அதைச் சொன்னேன். பதினொரு பேரும், அந்த ஒருத்தர் தான்தான் என்று சொன்னார்கள். கத்திச் சொல்லவில்லை, நிலத்துக்கு எல்லை சொல்வது போல நிதானமாகச் சொன்னார்கள். ஒருவர் தன் பக்கத்து ஆளைக் காட்டி, “ஏலே, ஒனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, நேத்து ஓணானை அடிச்சியே” என்றார். “அது ஓணான்னு நீ சொல்லித்தாம்ல தெரியும்” என்றார் மற்றவர்.

அப்பா அமைதியாகத் தன் நோட்டைத் திறந்தார். எந்திரம் தவறலாம், நோட்டு தவறாது என்று முகத்தில் எழுதியிருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். ‘மொ. இருளப்பசாமி, கருவக்குறிச்சி’ என்று ஒரு வரி. அதன் கீழே பத்து வரியும் ‘மேற்படி’.

ஆளுக்கொரு நம்பர்ச் சீட்டு கொடுத்திருந்தாரே, அதைக் கொண்டுவரச் சொன்னார். சீட்டுகள் தொலைந்துவிடக் கூடாது என்று பதினொரு பேரும் சேர்ந்து அவற்றை ஒரே இருளப்பசாமியிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் அதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தார். பதினொரு சீட்டு, பதினொரு நம்பர், எல்லாவற்றிலும் ஒரே பெயர். எது யாருடையது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் எழுதப்படிக்கத் தெரிந்திருந்தாலும் பயனில்லை, கண் தெரியாதே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு தடவை பேசினார். புதன்கிழமை மதியத் தபாலில் பட்டியல் மதுரைக்குப் போக வேண்டும். அதற்குள் பெட்டி சரியாக இருந்தால் பெட்டிப் பட்டியல் போகும், இல்லாவிட்டால் தன் நோட்டைப் பார்த்துத் தானே எழுதி அனுப்புவதாகவும், அதே தபாலில் நாகர்கோவிலுக்கும் ஒரு கடிதம் போகும் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் மாடிக்குப் போனேன். ரூபன் நடந்ததைக் கேட்டுவிட்டு, நான் பத்துப் படிவத்தை அடிக்காமல் விட்டிருப்பேன் என்றார். அடித்தேன் என்றேன். இருவருக்கும் அதுவரை சண்டை வந்ததில்லை. அவர் திரையைக் காட்டினார். “மொத்தம் 612ன்னுதான இருக்கு. அப்ப எல்லாரும் உள்ள இருக்காக.” நான் பட்டியலின் கடைசி வரிசை எண்ணைக் காட்டினேன். 597. பதினைந்து பேர் குறைந்தார்கள்.

முதலில் தாள் கிழிந்திருக்கும் என்றார். பிறகு பிரிண்டர் தின்றிருக்கும் என்றார். பிறகு கரண்ட் மேல் சொன்னார். பாளையம்பட்டியில் எதற்கும் கரண்ட் மேல் பழி சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். நான் படிவங்களை எடுத்துப் படிக்க, அவர் பட்டியலில் டிக் போட்டார். விட்டுப்போனவர்கள் பதினைந்து பேரும் யாரென்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. ஐந்து பேர் ஒரே ஊரைச் சொல்லி இரண்டு இடத்தில் பெயர் கொடுத்த கெட்டிக்காரர்கள். மீதிப் பத்துப் பேர் கருவக்குறிச்சி.

பெயர் வரிசையை எடுத்துவிட்டு, நான் அடித்த வரிசைப்படி காட்டச் சொல்லி எந்திரத்திடம் கேட்டார். திரையில் பதினொரு இருளப்பசாமியும் ஒருவர் கீழ் ஒருவராக வந்து நின்றார்கள். பெயர் வரிசைக்குத் திரும்பினார், ஒருவர்தான். மறுபடி மாற்றினார், பதினொரு பேர்.

“உள்ளதான் இருக்காக, ஞானப்பூ. பத்துப் பேரு கதவுக்குப் பின்னாடி நிக்கிறாக.”

பிறகு முதல் பக்கத்தைப் பார்த்தார். நாலாவது வரியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்பாவின் இரண்டாவது நிபந்தனை முதல் நிபந்தனையைத் தின்றுவிட்டிருந்தது. ‘ஆன்’ என்பதை ‘ஆஃப்’ என்று மாற்றினார். சிரித்துக்கொண்டே புரோகிராமை ஓட்டிப் பட்டியலின் கடைசி எண்ணைப் பார்த்தார். 597.

அன்று மாலை ஆறு மணிவரை அதே 597. பெட்டியை அணைத்துப் போட்டார். வரியை மூன்று இடத்தில் எழுதினார். ஃபாக்ஸ்புரோவையே எடுத்துவிட்டு, ஆறு ஃபிளாப்பியில் இருந்து மறுபடி ஏற்றினார். வரிசையைப் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். எந்திரம் பணிவாகப் புதுப்பித்தது. புதுப்பித்த பிறகும் ஒரே இருளப்பசாமி. கீழே இருந்து சைக்கிள் கடைக்காரர், மாடியில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டனுப்பினார்.

செவ்வாய் காலை நான் போனபோது ரூபன் ஷேவ் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். சென்னையில் ஒரு நண்பன் கூப்பிடுகிறான், போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். யார் போவது என்று கேட்டேன். கீபோர்டைத் தள்ளி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பழையபடியே செய்கிற ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

“எங்கப்பா மாதிரி இருக்கு” என்றேன். “ஒரு தடவை ஒண்ணு முடிவு பண்ணிட்டா, அப்புறம் நாம வேண்டாம்னு சொன்னாலும் சரி சரின்னுட்டு அதேதான் செய்வாக. இந்த வரிசையை நீங்க எப்பச் செஞ்சீக? அந்த வரி ஆன்ல இருக்கையிலயா?”

ரூபன் என்னைப் பார்த்தார். பிறகு ஜெராக்ஸ் போட்ட மேனுவலை எடுத்தார். இருபது நிமிஷம் புரட்டினார். இருந்தது. ஆட்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று குறித்து வைக்கும் தனிக் கோப்புக்கு இன்டெக்ஸ் என்று பெயர். அதைப் பெற்றெடுக்கும்போது என்ன நிபந்தனை இருந்ததோ, அது சாகும்வரை அதற்கு ஞாபகம் இருக்கும். பிற்பாடு நிபந்தனையை எடுத்தாலும், எத்தனை தடவை புதுப்பித்தாலும் மாறாது. அந்தக் கோப்பையே அழித்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும்.

அழித்தார். செய்தார். ஓட்டினார். 612.

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் அதுதான் முதல் தடவை. உடனே கரண்ட் போய், யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. விட்டுவிட்டார்.

ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று. பதினொரு வரி, பதினொன்றிலும் அதே பெயர், அதே இனிஷியல், அதே ஊர், அதே அறுபது வயது. அவருடைய ‘மேற்படி’யைப் பெட்டி விரிவாக எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஊரில் இவர்களை எப்படித்தான் பிரித்துக் கூப்பிடுகிறார்கள் என்று ரூபன் கேட்டார். பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அதை ஏன் அப்பா எழுதவில்லை? ஏனென்றால் சர்க்கார் காகிதமோ சபைக் காகிதமோ, யாரும் தன் வாயால் தன் பட்டப்பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

பெட்டியில் பட்டப்பெயருக்கென்று ஒரு கட்டம் கூட்டி, பன்னிரண்டு எழுத்துக்கு இடம் விட்டு, ரூபனின் டி.வி.எஸ். ஃபிப்டியில் மதியமே கருவக்குறிச்சிக்குப் போனோம். அப்பாவிடம் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் பதினொரு பேரையும் வரிசையாக உட்காரவைத்தேன். முதல் ஆளிடம், ஊரில் உங்களை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

“எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது தாயி” என்றார். “இந்தா, இவனுக்கு உண்டு. இவனை ரேடியோன்னு சொல்லுவாக.”

ரேடியோ முறைத்தார். ஆனால் எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. ஒவ்வொருவரிடமும் அடுத்த ஆளின் பெயரைக் கேட்டேன். ரேடியோவுக்கு அடுத்தவர் கரிமூட்டம். கரிமூட்டத்துக்கு அடுத்தவர் தாசில்தார். யார் பிராது எழுதினாலும் கூடப் போவாராம். பிறகு மிலிட்டரி, ஆள் எடுப்புக்கு ஒருநாள் போய் அன்று மாலையே திரும்பி வந்தவர். பர்மா, காரியாபட்டியைத் தாண்டியதில்லை. லைட்டு, சீனிக்கிழங்கு, ரெண்டாம்பஸ்ஸு, உறிப்பானை. கடைசி ஆள் முதல் ஆளை நன்றாகப் பார்த்துவிட்டு, “இவன் ஓணான்” என்றார்.

பத்துப் பேர் முடிந்தது. பதினோராவது ஆளுக்குப் பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிச் சுள்ளி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை எல்லாரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர் பெயர் ஒச்சம்மாள். பதினோராவது இருளப்பசாமியின் சம்சாரம். அவரிடமே கேட்டேன்.

“அவுக பேரை நான் எப்படிச் சொல்ல?” என்றார் ஒச்சம்மாள். “அதுவும் ஊர்க்காரப் பயலுக வச்ச பேரை.” அரிவாளைக் கீழே வைக்காமலே சொன்னார்.

ரேடியோதான் மெதுவாகச் சொன்னார். “ஒச்சம்மா புருசன்னு போட்டுக்கோங்க தாயி. நாங்களும் அப்படித்தான் சொல்றது.”

அப்படியே எழுதினேன். நாலு மணிக்குத் திரும்பி வந்து அடித்து, இரண்டு தடவை பெயர் கொடுத்த ஐந்து பேரின் இரண்டாவது பதிவை நீக்கி, அச்சுப் போட்டோம். அறுநூற்று ஏழு.

புதன்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் பட்டியலை அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அறுநூற்று ஏழையும் தன் நோட்டோடு ஒப்பிட்டார். இரண்டரை மணி நேரம். ரூபன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். கருவக்குறிச்சி வந்ததும் அப்பாவின் விரல் நின்றது. ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தார். ரேடியோ. கரிமூட்டம். ஓணான் என்று வந்தபோது மீசை அசைந்தது. நோட்டில் இருந்த பத்து ‘மேற்படி’க்கும் பக்கத்தில் பென்சிலால் அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டார். பிறகு பட்டியலை மடித்துக் கவரில் போட்டு, ரூபனிடம் நீட்டி, தபாலில் சேர்த்துவிடச் சொன்னார். ஒரு கவர்தான் கொடுத்தார். நான் எண்ணினேன்.

வியாழன் காலை ஜெபத்துக்குப் பைபிளைத் திறந்தபோது, பேங்க் கிளார்க்கின் கடிதம் அங்கே இல்லை. அந்த இடத்தில், பிரிண்டர் தாளின் ஓரத்தில் கிழித்தெடுத்த, வரிசையாக ஓட்டை போட்ட ஒரு நீளத் துண்டு இருந்தது. அப்பா அதைத் தடவி நேராக்கிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

முகாம் நன்றாக நடந்தது. ஒரே ஒரு குழப்பம். பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தோம் என்பதால், இங்கிலீஷ் எழுத்தில் அடித்த ‘ஒச்சம்மா புருசன்’ ‘ஒச்சம்மா புரு’வோடு நின்றுவிட்டது. கட்டில் ஒதுக்கியவர்கள் அவரைப் பெண்கள் பக்கம் போட்டுவிட்டார்கள். ஒச்சம்மாள் போய் அவரை எழுப்பிக் கூட்டிவந்தார்.

வைகாசியில் எங்கள் கல்யாணம். பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதியது ரூபன். கருவக்குறிச்சிக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்: ‘திரு. மொ. இருளப்பசாமி, கருவக்குறிச்சி.’ அவ்வளவுதான், பட்டப்பெயர் இல்லை. தபால்காரர் அதை வேப்பமரத்தடியில் படித்திருக்கிறார்.

பதினொரு பேரும் வந்தார்கள். எல்லோருக்கும் முகாமில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. சபையில் முன்வரிசையில் வரிசையாக உட்கார்ந்து என்னையும் ரூபனையும் நன்றாகப் பார்த்தார்கள். பந்தியில் இலை போடும்போது அப்பா என் பக்கம் வந்து காதில் சொன்னார்: “அனுப்புனது ஒண்ணு. வந்தது பதினொண்ணு. ஒன் மாப்பிள்ளை அந்த வரியை இன்னும் மாத்தலையோ?”

அன்று சாயங்காலம் ரூபனிடம் கேட்டேன், மறந்துபோய் அப்படி எழுதினாரா, வேண்டுமென்றே எழுதினாரா என்று. சிரித்தார். பிறகும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில், பிள்ளை பிறந்த வீட்டில், கடைசி வருடம் மதுரை ஆஸ்பத்திரியில்கூட. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்புதான். இந்த நாலு பக்கத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன். அதைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை.